உதகைப் பழைய வீடுகளின் பதிவில் அவுட்ஹவுஸும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகமண்டலத்தின் பழைய பங்களாக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த படக்கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. யார் கட்டினார், யார் வாங்கினார், எந்தப் பிரபு எந்தக் கோடையில் தங்கினார் என்ற விவரங்களும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆயினும் படங்கள் அனைத்தும் வாசற்பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்ததைக் கவனித்தேன். அந்த வீடுகளுள் ஒன்றின் பின்பக்கத்தில், அவுட்ஹவுஸ் எனப்படும் வேலைக்காரர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டுப்போனவற்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன்ஹவுஸ்தான் நீலகிரியில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடு என்று கட்டுரை கூறுகிறது. உதகையைப் பொறுத்தவரை அது சரி. நீலகிரி முழுவதற்கும் அது பொருந்தாது. சல்லிவன் 1819-இலேயே சிறுமுகைப் பக்கமிருந்து மலையேறி, கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பகுதியில் தங்கினார். அங்கே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு நெடுங்காலம் சிதைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, இன்று சல்லிவன் நினைவகமாக நிற்கிறது. 2022-இல் அரசு ‘உதகை 200’ விழா எடுத்தபோது எல்லாரும் உதகைக்கு வந்தார்கள். கன்னேரிமுக்கு வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. ஸ்டோன்ஹவுஸை மலைமக்கள் ‘கல் பங்களா’ என்று அழைத்தார்கள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே. எது எதைப் பார்த்து வந்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பிற்காலத்தில் அந்த இடம் மாகாண அரசின் கோடைக்கால அலுவலகங்களுக்குப் பயன்பட்டு, 1955 முதல் அரசு கலைக் கல்லூரி வளாகமாக இருப்பதைத் தங்கள் கட்டுரையே சொல்லியிருக்கிறது.

அந்தக் கல் வீட்டுக்கு முன்பு அம்மலையில் வீடே இல்லாதது போலத் தொடங்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். உதகையின் நிலம் தோடர்களின் மேய்ச்சல் நிலம். சல்லிவன் அவர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் நிலம் பெற்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. இந்நிலத்தின் உரிமையாளர்கள் தோடர்களே என்று அரசிடம் விடாமல் வாதாடியவரும் அவரே என்பது அவ்வளவாக எழுதப்படாத செய்தி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதரின் உருவம் முழுமையாகும். தோடர்களின் ஊர்களான மந்துகளில் உள்ள வீடு, மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து, பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போல் அமைந்தது. ஏறக்குறைய 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். முகப்பில் ஒரே ஒரு சிறு வாசல், மூன்றடிக்கு மேல் இராது. குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். காற்றும் குளிரும் நுழையாதிருக்கவும், வனவிலங்குகளுக்கு அஞ்சியும் அப்படி அமைத்தார்கள். சுற்றிலும் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர். தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இன்றும் மஞ்சக்கல் மந்து இருக்கிறது. பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அவ்வளவு தூரம் ஏறிப் பார்ப்பாரா என்பது ஐயமே. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும்; வீட்டுக்குள் பாலுக்கென்று ஒதுக்கப்பட்ட ‘ஹாகோட்டு’ என்ற அறை புனிதமானது. இவையும் உதகை மலைச்சரிவின் பழைய வீடுகள்தாம். பட்டியல் இவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

அடுத்து, பங்களாக்கள் ஏன் குன்றுகளின் முதுகில் அமர்ந்திருக்கின்றன என்பது பற்றி. இயற்கைக் காட்சிக்காக என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். காட்சி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உதகையில் ஒரு தை மாத விடியலைக் கண்டவர்களுக்கு வேறு காரணம் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில், தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தில் வழிந்து தேங்குகிறது. ஆகவே உறைபனி குதிரைப் பந்தய மைதானத்திலும் பூங்காவின் கீழ்ப்புல்வெளியிலும் தலைகுந்தாவின் தாழ்நிலங்களிலும் வெள்ளையாகப் படியும்போது, அவற்றுக்கு நூறடி மேலேயுள்ள மேட்டில் புல் வெறும் ஈரமாகவே இருக்கும். போதாததற்குப் பள்ளத்தாக்கின் அடியெல்லாம் அக்காலத்தில் சதுப்பு. சல்லிவன் 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியதும் அந்தச் சதுப்பின் மீதுதான். அந்த ஏரியின் ஒரு பெரும்பகுதி பிறகு தூர்க்கப்பட்டு மைதானமாகவும் பேருந்து நிலையமாகவும் மாறியது. எனவே காலை வெயில் முதலில் படுகிற, நீர் தேங்காத, பனி இறங்காத மேடுகளைத் துரைமார்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைவீதியும் கூலி வேலை செய்தவர்களின் குடியிருப்புகளும் ஈரத்திலும் பனியிலும் கீழே அமைந்தன. யார் எந்த உயரத்தில் குடியிருந்தார் என்று ஒரு வரைபடம் போட்டால், உதகையின் சமூக வரலாற்றில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

வீடுகளின் வயதைக் கண்டறியும் முறையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘1840-ஆம் ஆண்டுக் கட்டடம், அப்படியே இருக்கிறது’ என்ற தொடர் இரண்டு இடங்களில் வருகிறது. அருகிலுள்ள படத்தில் மங்களூர் ஓட்டுக் கூரை தெரிகிறது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதற்கு முந்திய வீட்டில் அந்த ஓடு இருக்கிறது என்றால், கூரை ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஓட்டின் அடிப்புறத்தில் தயாரித்தவர் முத்திரை இருக்கும். கூரை பிரிக்கும் கொத்தனாரிடம் ஒரு ஓட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே போதும். அதுபோலவே இரும்பு விட்டங்களும் பெரிய அளவில் அறுத்த மரங்களும் மலை ரயிலுக்குப் பின் வந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரயில் குன்னூர் வரை வந்தது 1899-இல், உதகை வரை வந்தது 1908-இல். அதற்கு முன்பு ஒவ்வொரு கல்லும் உத்தரமும் மாட்டு வண்டியிலும் ஆள் தலையிலும் ஏறியவை. 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து எடுத்து வரப்பட்டவை என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலத்தில் நல்ல மரத்துக்கு இம்மலையில் இருந்த தட்டுப்பாடு விளங்கும். சுற்றிலும் சோலைக்காடு இருந்தது உண்மைதான். ஆனால் சோலை மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும் வளர்பவை, நீண்ட உத்தரத்துக்கு உதவா. இன்று நாம் உதகையின் அடையாளமாகக் கருதும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆகவே பங்களாவைச் சுற்றி வானளாவ நிற்கும் கற்பூர மரங்களை ‘வீட்டுக்கு முந்திய காடு’ என்று எழுதுவது பொருந்தாது.

உரிமை மாறிய கதையை நான் நீட்டப் போவதில்லை. 1844-இல் கட்டப்பட்ட ஃபெர்ன்ஹில் 1873-இல் மைசூர் மன்னர் குடும்பத்துக்குப் போனதும் பின்னர் ஓட்டலானதும், அரன்மோர் என்ற ஜோத்பூர் மாளிகை ‘தமிழகம்’ என்ற அரசு விருந்தினர் மாளிகை ஆனதும், 1870 முதல் கோடைதோறும் மாகாண அரசே இங்கு ஏறிவந்ததும் பலர் எழுதிய செய்திகள். சர் ஃபிரெடெரிக் பிரைஸ் எழுதி 1908-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட உதகை வரலாற்றில் ஒவ்வொரு பழைய வீடும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது. உழைப்பு மிகுந்த நூல் அது. நானும் அதற்குக் கடன்பட்டவன். ஆனால் அதற்குப் பின் எழுதிய எல்லாரும், தங்கள் கட்டுரையாளர் உட்பட, அந்த நூல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு விட்டார்கள். வீட்டின் வரலாறு என்றால் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களின் வரலாறு என்றாகிவிட்டது. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் ஊட்டி கிளப்பின் எந்த அறையில் உருப்பெற்றன என்று வழிகாட்டிகள் எல்லாருக்கும் தெரியும். அந்த அறையில் விறகு எரித்துக் கணப்பை அணையாமல் காத்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அவர்கள் தூங்கிய இடத்தின் பெயர் அவுட்ஹவுஸ். உதகையில் பிறந்த எவருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. என் பாட்டனார் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். பங்களா மேட்டின் நடுவில்; அதற்குப் பின்னால் பத்தடி தாழ்வில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். பட்லருக்கு ஓரத்து வீடு, அதில் மட்டும் இரண்டு அறை; சமையற்காரர், ஆயா, குதிரைக்காரர், காவலாளி, தோட்டக்காரர் ஆகியோருக்கு ஆளுக்கோர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். சமையலறை பங்களாவோடு சேராமல் தனியாக நின்றது. இடையில் தகரக் கூரை போட்ட நடைபாதை. மழைக்காலத்தில் சூப் கிண்ணத்தை மூடிக்கொண்டு அந்த நடையில் ஓடிய கதையைச் சமையற்காரர் வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார். துரை போன பிறகு பங்களா வேறு கைக்கு மாறியது. நாங்கள் அங்கேயே இருந்தோம். மூன்று தலைமுறையாக அந்த வரிசையில் தமிழும் மலையாளமும் கன்னடமும் படுகும் பேசப்பட்டன. அம்மலையில் நிகழ்ந்த பிறப்பும் கல்யாணமும் சாவும் பங்களாவில் நடந்ததைவிட அந்த ஆறு வீடுகளில் நடந்தவை பன்மடங்கு அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொத்து கைமாறியபோது புதிய உரிமையாளர் பங்களாவைப் பாதுகாப்பதாகச் சொன்னார். சொன்னபடியே வண்ணமடித்து, சிம்னியைச் சீராக்கி, விடுதியாக நடத்துகிறார். அவுட்ஹவுஸ் வரிசையை மட்டும் ஒரே வாரத்தில் இடித்தார்கள், வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று. பழைமைச் சிறப்பு இல்லாத கட்டடம் என்பது காரணம். என் வருத்தத்தை இங்கே பாடுவது நோக்கமன்று. அடுத்து நடந்ததற்காகவே இதை எழுதுகிறேன். அந்த வரிசையின் பின்சுவரை ஒட்டி, கல் பாவிய ஒரு வாய்க்கால் ஓடியது. மேட்டின் முழு மழைநீரையும் அது வாங்கி, சரிவின் குறுக்காகக் கொண்டுபோய், பாறை தெரியும் ஓரிடத்தில் ஓடையில் விட்டது. ஐப்பசி பிறப்பதற்கு முன் அதில் விழுந்த இலையையும் மண்ணையும் வாருவது என் பாட்டனாரின் வேலை. பின்பு என் தந்தை சம்பளமில்லாமலேயே செய்தார், ஏனெனில் அது அடைத்தால் முதலில் நனைவது எங்கள் அறை. வரிசையை இடித்தபோது அந்த வாய்க்காலும் இடிபாட்டோடு மூடப்பட்டது. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் பங்களாவின் கீழிருந்த நூறாண்டுத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. சுவரின் கசிவுத் துளைகளைச் சிமென்ட் பூசி ‘அழகாக’ அடைத்திருந்ததும் அதற்கு உதவியது.

மலைச்சரிவில் உள்ள பழைய வீட்டைத் தனிக் கட்டடமாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. மேட்டைச் சமன்செய்து, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி, அதைக் கல் சுவரால் தாங்கி, சுவருக்குப் பின்னால் சேரும் நீர் வெளியேறத் துளைவிட்டு, மேல்பக்கத்து நீரை வாய்க்காலில் திருப்பி, மீதிச் சரிவைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவைத்தார்கள். காம்பவுண்டு பெரிதாக இருந்ததில் துரைத்தனத்துப் பெருமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலியிடம்தான் மழைநீரை உள்வாங்கிக்கொண்டது. இன்று அதே காம்பவுண்டைப் பத்து மனைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே சரிவை வெட்டும்போது, பழைய வாய்க்கால் யாருடைய மனைக்குள் போகிறதோ அவர் அதை மூடுகிறார். நீருக்கு வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாச் சரிவுக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மழை எந்த மலையையும் அசைத்திருக்கும். ஆனால் நீர் போகும் வழியை அறிந்திருந்தவர்கள் வைத்த வாய்க்கால்கள் எங்கெங்கே இருந்தன என்ற குறிப்புகூட நம்மிடம் இல்லாமல் போவது சரியல்ல.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. மலைவாழிட நகராட்சிகளுக்கான 1993-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் இருக்கின்றன. புதிய கட்டடத்தின் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்துகிறார்கள். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. மரபுச் சின்னங்களுக்கான ஆணையம் அமைக்க 2012-இல் சட்டமன்றம் சட்டமும் இயற்றியிருக்கிறது. இவை புதிதாக எழும்புவதற்கு எல்லை கட்டுகின்றன, அல்லது மிகச் சிறப்பானவை என்று தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குக் காப்பு அளிக்க முற்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் அகப்படாமல் மறைந்துபோவதே நம் பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதி. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட வேண்டும் என்று கோருபவன் அல்லன் நான். ஈரம் ஏறி, கரையான் தின்ற உத்தரத்தின் கீழ் குடியிருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவுட்ஹவுஸ் வாழ்க்கை இனிமையானது என்று மயங்கவும் எனக்கு வழியில்லை, அந்தக் குளிரை நான் அறிவேன். இடிக்கத்தான் வேண்டுமென்றால் இடிக்கட்டும். இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இடிப்பு அனுமதி கேட்பவர், பங்களா, சமையற்கட்டு, அவுட்ஹவுஸ், லாயம், தடுப்புச் சுவர், வாய்க்கால், கிணறு ஆகிய எல்லாவற்றையும் காட்டும் ஒரு வரைபடத்தையும், நான்கு பக்கத்துப் படங்களையும் நகராட்சியிடம் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், செலவு உரிமையாளருக்குச் சில ஆயிரங்களுக்கு மேல் போகாது. உதகை நகராட்சி 1866-இல் ஏற்பட்டது. அதன் வீட்டு வரிப் பதிவேடுகளில் மிஞ்சியிருப்பவற்றைக் கரையான் தொடுவதற்கு முன் படியெடுத்தாக வேண்டும். ஆலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில் வேலைக்காரர்களின் பெயரும் வீட்டின் பெயரும் சேர்ந்து வரும் பக்கங்கள் இருக்கக்கூடும்; என் குடும்பத்தாரின் பெயரைத் தேடப் போன இடத்தில் அப்படி ஓர் இணைப்பு எனக்குக் கிடைத்தது. அவுட்ஹவுஸ் வரிசைகளில் வளர்ந்து இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்கள் இன்னும் கண்டாலிலும் பழைய ஊட்டியிலும் இருக்கிறார்கள். எந்த வீட்டின் வாய்க்கால் எங்கே போய் விழுந்தது என்பதை அவர்கள் கை காட்டிச் சொல்வார்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இந்த வேலையை ஸ்டோன்ஹவுஸிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. அது அரசுக் கல்லூரி வளாகத்தில் இருப்பதால் எந்தத் தனியாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அளக்கவும் வரையவும் முதியவர்களிடம் கேட்டு எழுதவும் மாணவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தங்கள் நாளிதழ் அடுத்த படக்கட்டுரைக்குப் புகைப்படக்காரரை அனுப்பும்போது, அந்தக் கல் பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் போய், வாய்க்கால் இன்னும் ஓடுகிறதா என்று ஒரு படம் எடுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்.